இரத்தச் சுத்திகரிப்பில் இருப்போரின் தைரொயிட், பராதைரொயிட் கோளாறுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் சிறுநீரக நோயாளரைப் பராமரிக்கும் விடுதிகளுக்குப் புதிய பயிற்சி வைத்தியர்கள் வந்து சேரும் போதெல்லாம், அந்த வயதில் நாங்கள் எழுதிய அதே மருந்துத் துண்டுகளை அவர்களும் எழுதுவதைக் காண்கிறேன். உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், சுத்திகரிப்பு நாளைத் தவறவிடக்கூடாது என்பவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை நோயாளரின் பேரப்பிள்ளைகளுக்கும் தெரியும். கழுத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு வகைச் சுரப்பிகள் தொடர்பாக வைத்தியரும் வீட்டாரும் சேர்ந்தே செய்கின்ற, எளிதில் கண்ணிற் படாத தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

தைரொயிட் சுரப்பியின் பின்புறத்தில் அரிசிமணி அளவில் இருப்பவை நான்கு பராதைரொயிட் சுரப்பிகள். மனித உடலில் அவற்றை சுவீடனைச் சேர்ந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் விவரித்தது 1880இல்தான். சிறுநீரகம் செயலிழக்கும்போது பொசுபேற்று வெளியேறாமல் தங்குகிறது. விற்றமின் டி தன் செயலுள்ள வடிவத்துக்கு மாறுவது குறைகிறது. குருதியில் கல்சியம் தாழ்கிறது. அதை ஈடுசெய்ய இச்சுரப்பிகள் பி.ரி.எச். என்னும் ஓமோனை மேலும் மேலும் சுரந்து, எலும்பிலிருந்து கல்சியத்தை இழுத்து, காலப்போக்கில் தாமும் பருக்கின்றன.

பி.ரி.எச். அளவைச் சாதாரண எல்லைக்குள் கொண்டுவர முயல்வது

அறிக்கையில் மேல் எல்லை ஏறத்தாழ 65 பிகோகிராம் என்று அச்சிட்டிருக்கும்; நோயாளருக்கு 320 என்று வரும். அறிக்கையை வைபரிற் பார்த்த மகன் கனடாவிலிருந்து அழைத்து, ஏன் இன்னும் மருந்தைக் கூட்டவில்லை என்று கேட்பார். சுத்திகரிப்பில் இருப்போருக்கு அந்த மேல் எல்லையின் இரண்டு முதல் ஒன்பது மடங்கு வரை ஏற்கத்தக்கது என்பதே சிறுநீரக நோய்க்கான சர்வதேச வழிகாட்டலாகிய கே.டி.ஐ.ஜி.ஓ.வின் நிலைப்பாடு. கல்சியத்தையும் விற்றமின் டியையும் அள்ளிக் கொடுத்து அதனை 65க்குக் கீழே அமுக்கினால், எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதையே நிறுத்திவிடும். எலும்பு ஏற்காத கல்சியம் இரத்தக் குழாய்களிற் படியும். ஒரு தடவை வந்த எண்ணை விட, கல்சியம், பொசுபேற்று, எலும்பின் நிலையைக் காட்டும் நொதியான அல்கலைன் பொஸ்பற்றேஸ் ஆகியவற்றோடு சேர்த்து அது சில மாதங்களாக எத்திசையில் நகர்கிறது என்பதே முக்கியம்.

தைரொக்சினையும் கல்சியத்தையும் ஒன்றாக விழுங்குவது

என்னை இன்றுவரை எரிச்சலூட்டுவது இதுதான். வடமராட்சியிலிருந்து வந்துபோகும் ஓர் அம்மாவுக்கு, சிறுநீரகம் பழுதாவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே தைரொயிட் குறைபாடு இருந்தது. குறைந்த தைரொயிட் ஓமோனை ஈடுசெய்யும் தைரொக்சின் குளிசையில், 100 மைக்ரோகிராம் அளவில், நன்றாகத்தான் இருந்தார். சுத்திகரிப்புத் தொடங்கிய பின்னர், தைரொயிட் ஓமோன் போதாதபோது உயரும் ரி.எஸ்.எச். என்னும் ஓமோன் ஏறத் தொடங்கியது. ஒரு கிளினிக்கில் 125 ஆக்கினார்கள், அடுத்த முறை 150, பின்னர் 200. ரி.எஸ்.எச். இறங்கவில்லை. களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல் எல்லாவற்றுக்கும் “டயலிசிஸ் செய்தால் அப்படித்தான்” என்ற ஒரே விளக்கம் அவருக்குச் சொல்லப்பட்டது. குருதிச்சோகை தீராததால் குருதி உற்பத்தியைத் தூண்டும் விலையுயர்ந்த எரித்ரோபொயெற்றின் ஊசியின் அளவும் கூட்டப்பட்டது. தைரொயிட் குறைபாடு அந்த ஊசியின் பலனைக் குறைக்கும் என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

குளிசைகளை எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: “காலமை தேத்தண்ணியோட எல்லாத்தையும் ஒண்டாப் போட்டிடுவன் டொக்டர், வான் வந்திடுமெல்லோ.”

பால்தேத்தண்ணீர், கல்சியம் காபனேற்று, இரும்புக் குளிசை, தைரொக்சின் எல்லாம் ஒரே மிடற்றில் உள்ளே போயிருக்கின்றன. கல்சியமும் இரும்பும் குடலுக்குள்ளேயே தைரொக்சினைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. உணவிலுள்ள பொசுபேற்றைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும் செவலமர், லாந்தனம் போன்ற பொசுபேற்றுப் பிணைப்பு மருந்துகளும் அவ்வாறே. அவரிற் பிழையில்லை. ஒரு கிளினிக் தைரொக்சினை எழுதுகிறது, இன்னொன்று கல்சியத்தை எழுதுகிறது. மருந்தைப் போட்டுத் தரும் கடதாசி உறைகள் இரண்டிலும் “காலை 1” என்றே இருக்கிறது. கிளினிக் கொப்பியின் இரண்டு பக்கங்களையும் புரட்டிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்திற் தெரிந்திருக்கும். அளவைக் கூட்டி எழுதிய கைகளில் ஒன்றாவது அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம் என்பதே என் ஆற்றாமை.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. இப்படி 200 மைக்ரோகிராம் வரை ஏற்றப்பட்ட ஒருவர் வேறு நோய்க்காகச் சில வாரங்கள் விடுதியிற் தங்க நேர்ந்தால், தாதியர் முறைப்படி வெறும் வயிற்றிற் தைரொக்சினைக் கொடுப்பார்கள். இதுவரை வீணாகிக்கொண்டிருந்த மருந்து முழுவதும் உடலிற் சேரும். ஏற்கெனவே தடித்துப்போன இதயத்தில் அதன் விளைவு படபடப்பாகவோ ஒழுங்கற்ற துடிப்பாகவோ வெளிப்படும். ஆகவே நேரத்தைத் திருத்தும் நாளிலேயே அளவையும் குறைப்பது பற்றிச் சிந்திக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களின் பின் ரி.எஸ்.எச். மீண்டும் பார்க்கப்பட வேண்டும். நோயாளர் தாமாக அளவை மாற்றக்கூடாது.

தைரொக்சினுக்கும் கல்சியத்துக்கும் இடையில் நான்கு மணித்தியாலம் இருக்க வேண்டும் என்பது விதி. காலை ஆறு மணிக்கு வான் ஏறுபவரிடம் அதைச் சொல்லிவிட்டுப் போவது எளிது, நடைமுறைக்கு உதவாது. நான் செய்வது இது: எழுந்தவுடன் இரண்டு மிடறு வெறும் தண்ணீரோடு தைரொக்சின், தேநீரும் உணவும் ஒரு மணித்தியாலம் கழித்து, கல்சியம் காலையில் இல்லை, மதியத்துக்கும் இரவுக்கும் மட்டும், இரும்பும் பிற்பகலுக்கு. இடியப்பமும் சம்பலுமாக முடியும் காலை உணவை விட, மீனும் பருப்பும் சேரும் மதிய உணவிலேயே பொசுபேற்று அதிகம் என்பதால் இதனாற் பெரிய இழப்பும் இல்லை.

சாப்பிட்டு முடித்துக் கைகழுவிய பிறகு கல்சியம் நினைவுக்கு வருவது

பொசுபேற்றைப் பிணைப்பதற்காகக் கொடுக்கப்படும் கல்சியம் உணவோடு வயிற்றிற் கலந்தால்தான் பயன் தரும். சாப்பாட்டின் நடுவே கடித்து விழுங்குவது நன்று. இரண்டு மணித்தியாலம் கழித்துப் போட்டால் பொசுபேற்று அப்படியே உறிஞ்சப்பட்டுவிடும், மேலதிகக் கல்சியம் மட்டும் குருதியிற் சேரும். வாரம் இருமுறை மட்டும் சுத்திகரிப்புக் கிடைப்பவர்களுக்கு இந்தத் தவறு இன்னும் பாரமானது, ஏனெனில் உண்ட பொசுபேற்று முழுவதையும் இயந்திரம் அகற்றிவிடாது.

கருவாடும் நெத்தலியும்

குறைக்கவும்.

ரி3 குறைந்திருப்பதைக் கண்டு தைரொக்சின் தொடங்குவது

ரி4, ரி3 இரண்டும் தைரொயிட் ஓமோன்கள். நாட்பட்ட நோயில் ரி4 ரி3 ஆக மாறுவது குறைவதால், சுத்திகரிப்பில் இருக்கும் பலரிடம் ரி.எஸ்.எச். சாதாரணமாக இருக்க ரி3 மட்டும் தாழ்ந்திருக்கும். அது தைரொயிட் சுரப்பியின் நோயல்ல. அதற்கு மருந்தும் வேண்டாம். ரி.எஸ்.எச். 10க்குக் கீழே சற்றே உயர்ந்திருந்தாலும், சில வாரங்களின் பின் மறுபடி பார்த்த பிறகே முடிவெடுப்பது நல்லது. குருதியை இயந்திரத்தில் இணைப்பதற்கு முன்னரே எடுக்க வேண்டும்: சுத்திகரிப்பின்போது குருதி உறையாதிருக்க ஏற்றப்படும் ஹெப்பாரின், கட்டற்ற ரி4 (புரதத்தோடு ஒட்டாத ரி4) அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும்.

பயோட்டின்

தலைமயிருக்கும் நகத்துக்கும் என்று வெளிநாட்டு உறவினர் அனுப்பும் இந்த விற்றமின், சில ஆய்வுகூட முறைகளில் ரி.எஸ்.எச்.ஐயும் பி.ரி.எச்.ஐயும் உண்மையிலும் குறைவாகக் காட்டும். சிறுநீரகம் இயங்காதவரின் உடலில் அது நெடுநேரம் தங்கும். எடுப்பவர்கள் சொல்லிவிட வேண்டும்.

அலுமினியம் கலந்த அமிலநீக்கிகள்

வேண்டவே வேண்டாம்.

பொசுபேற்று ஏறியிருக்கையில் அல்பாகல்சிடோலைக் கூட்டுவது

விற்றமின் டி வகை மருந்தான அது குடலிலிருந்து பொசுபேற்றையும் சேர்த்தே இழுக்கும். முதலிற் பொசுபேற்றை இறக்க வேண்டும்.

பராதைரொயிட் சத்திரசிகிச்சைக்குப் பின் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவது

மருந்துக்கு அடங்காத சுரப்பிகளை அகற்றிய பின், பசித்திருந்த எலும்பு குருதியிலுள்ள கல்சியத்தை வேகமாக உள்ளிழுக்கும். முதல் சில நாட்களில் நாளுக்குப் பல தடவை கல்சியம் அளக்கப்பட வேண்டும். வாயைச் சுற்றி விறைப்பு, விரல்கள் இழுத்துக்கொள்ளல் என்று நோயாளர் சொன்னால் அறிக்கை வரும்வரை காத்திருக்காமல் உடனே வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். அந்நாட்களிற் கல்சியம் உடலிற் சேர வேண்டும் என்பதற்காகவே உணவுகளுக்கு இடைப்பட்ட வேளைகளில் பெருமளவிற் கொடுக்கப்படுகிறது. தைரொக்சினும் எடுப்பவராயின் அதற்கு எந்த நேரம் மிஞ்சியிருக்கிறது என்பதை வீட்டுக்கு அனுப்பும் துண்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.