ஐந்து எண் கேட்கச் சொன்னால் நிற்காமல் கேட்கிறதா? சி மொழியில் அரேயும் லூப்பும்

ஐந்து பாட மதிப்பெண்களை ஒரு அரேயில் (ஒரே பெயரில் வரிசையாக நிற்கும் பெட்டிகள்) வாங்கி, திரும்ப அச்சிட வேண்டும். மெயின் எழுதவும் கம்பைல் செய்யவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வருகிறேன். நிரலைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

இன்ட் மார்க்[5], ஐ;

வாங்குவதற்கு:

ஃபார் (ஐ = 0; ஐ < 5; ஐ++)
ஸ்கேன்எஃப்("%டி", &மார்க்[ஐ]);

அச்சிட இதே ஃபார் வரிதான். கீழே மட்டும்:

பிரின்ட்எஃப்("%டி ", மார்க்[ஐ]);

வாங்கும்போது & வேண்டும், அச்சிடும்போது கூடாது. ஃபார் வரியின் முடிவில் அரைப்புள்ளி போட்டுவிடாதீர்கள். லூப் வெறுமனே சுற்றிவிட்டுப் போய்விடும்.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். ஐந்து எண்தானே என்று ஐ <= 5 என எழுதியிருந்தேன். பெட்டிகளின் எண்களோ 0 முதல் 4 வரைதான். மார்க்[5] என்பது பக்கத்து வீடு. அங்கே நுழைந்தால் சி தடுக்காது. என் கணினியில் அந்தப் பக்கத்து வீட்டில் குடியிருந்தது ஐ! ஆறாவதாக 2 என்று தட்டினேன். ஐ-யின் மதிப்பு 2 ஆனது, ஐ++ அதை 3 ஆக்கியது, நிரல் மறுபடி நாலாவது மதிப்பெண்ணிலிருந்து கேட்க ஆரம்பித்தது. என்டர் பட்டன்தான் கெட்டுவிட்டது என்று அரைமணி நேரம் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் கணினியில் அந்த இடத்தில் வேறு ஏதாவது இருக்கலாம். அப்போது எல்லாம் சரியாக ஓடுவதுபோலவே தெரியும். அது இன்னும் மோசம்.

டர்போ சி என்ற பழைய கம்பைலரின் நீலத் திரையை இனியாவது விட்டுவிடுங்கள். ஜிசிசி கம்பைலர் போதும். கம்பைல் செய்யும்போது -டபிள்யூஆல் சேர்த்தால், ஸ்கேன்எஃப்பில் & விட்டுப்போனதை அதுவே சொல்லிவிடும். லினக்ஸ் இருந்தால், நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரையும் (-எஃப்சானிடைஸ்=அட்ரஸ்), கூடவே -ஜி-யையும் போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்குள் கால் வைத்ததும் நிரலை நிறுத்தி, எந்த வரி என்று காட்டும்.

பின்சேர்க்கை: "ஒரு எண்கூடத் தட்டவில்லை, லூப் தானாக ஓடி முடிந்து என்னென்னவோ அச்சாகிறது" என்று இருவர் கேட்டிருந்தார்கள். எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டியிருப்பீர்கள். ஸ்கேன்எஃப் அதை எடுக்காமல் அப்படியே விட்டுவிடும். அடுத்த சுற்றிலும் அதே எழுத்துதான் எதிரே நிற்கும். அரேயில் இருப்பது பழைய குப்பை. ஸ்கேன்எஃப் 1 என்று திருப்பித் தருகிறதா என்று ஒரு இஃப் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பிரேக். அப்புறம், எத்தனை எண் உள்ளே வந்ததோ அதுவரை மட்டும் அச்சிடுங்கள். அந்தக் கணக்கு ஐ-யிலேயே இருக்கும். அச்சிடும் லூப் அதை 0 ஆக்குவதற்கு முன் வேறொரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.