சொந்த மெசின் வாங்கலாமா? குறளை வைத்துக் கணக்குப் பார்க்கும் முறை

யாழ்ப்பாணத்தில் வீட்டிலே கறித்தூள் செய்து விற்கத் தொடங்குபவர்களுக்கு, நாலு பேர் ருசியை மெச்சியதுமே சொந்தமாக அரைக்கும் மெசின் வாங்க ஆசை வந்துவிடும். லீசிங்கில் கையெழுத்து வைக்க முதல் ஒரு கொப்பியும் பேனையும் எடுங்கள். திருக்குறளில் 47, 48, 49ஆம் அதிகாரங்கள் (தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல்) இதற்குப் போதும். நல்லூர் ஆறுமுக நாவலர் பரிமேலழகர் உரையோடு பதிப்பித்த நூல் அது; எங்கள் ஊருக்கு அந்நியமில்லை.

படி 1: மூன்று நிரல் போடுங்கள்

"அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும்
ஊதியமும் சூழ்ந்து செயல்" (461)

அழிவது, ஆவது, ஊதியம் என்று தலைப்பிடுங்கள். இப்போது கையை விட்டுப் போவது, அதனால் உடனே கிடைப்பது, பின்னால் தொடர்ந்து வரப்போவது. பலர் மூன்றாவதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கடன் எடுக்கிறார்கள்.

கணக்குக்காக இப்படி வைப்போம்: லீசிங் மாதம் 18,000 ரூபாய். மில்லில் அரைகூலி கிலோவுக்கு 100. நீங்கள் மாதம் 60 கிலோ அரைக்கிறீர்கள். மெசின் வந்தால் மிச்சம் 6,000, போவதோ 18,000. தவணையைச் சரிக்கட்டவே 180 கிலோ அரைக்கவேண்டும். கரண்ட் பில் வேறு. வரவு சிறிதானாலும் கேடில்லை, செலவு வழி அகலாதவரை என்கிறது 478ஆம் குறள். மாதத் தவணை அந்த வழியை அகட்டிவிடும். நகையை அடைவு வைத்து முதல் போடுவதானால் 463ஐயும் வாசியுங்கள்: வரப்போகும் இலாபத்தை நம்பிக் கைமுதலை இழக்கும் வேலையை அறிவுடையார் தொடங்கமாட்டார்.

படி 2: நாலு வலிமையையும் நிறுங்கள்

வினைவலி, தன்வலி, மாற்றான்வலி, துணைவலி (471): அதாவது செய்யப்போகும் வேலையின் வலிமை, உங்கள் வலிமை, போட்டிக்கு நிற்பவரின் வலிமை, துணை நிற்பவரின் வலிமை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கக் கடைகளில் ஏற்கெனவே எத்தனை கறித்தூள் பைக்கற்றுகள் தொங்குகின்றன என்று நேரில் போய்ப் பாருங்கள். துணைவலியைத்தான் அநேகர் வெறுமையாக விடுகிறார்கள். 180 கிலோவுக்கு மிளகாய் காயவைப்பது யார், மல்லி வறுப்பது யார்? அம்மா ஒருவரா? பெயர்களை எழுதுங்கள்.

படி 3: காலத்தைப் பிரித்துப் பாருங்கள்

நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெளிநாட்டுச் சனம் வந்து நிற்கும். தூளும் வாங்கிக்கொண்டு போகும். அந்த மாத விற்பனையை வருடம் முழுவதற்கும் பெருக்காதீர்கள். சாதாரண மாதங்களை வைத்தே தவணையைக் கணியுங்கள்.

படி 4: துணியும் அளவைக் குறியுங்கள்

"எண்ணித் துணிக கருமம்" (467) என்பதால் எண்ணிக்கொண்டே இருந்துவிடவும் கூடாது. திருவிழா இல்லாத மூன்று மாதம் தொடர்ந்து 180 கிலோவுக்கு மேல் விற்றால் மெசின் விலை விசாரிக்கப் போங்கள். அதுவரை மில்லிலேயே அரையுங்கள்.