ஸ்டார்வ்ட் ராக் போகிறீர்களா? மழைக்கு மறுநாள் போங்கள்

சிகாகோவிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப ஸ்டார்வ்ட் ராக் மாநிலப் பூங்கா வசதியான இடம். ஐ-80 நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் ஒன்றரை மணி நேரம். 81ஆம் எக்ஸிட்டில் இறங்கித் தெற்கே திரும்பினால், யூட்டிகா ஊரைத் தாண்டியதும் பூங்கா.

உள்ளே 18 மணற்கல் பள்ளத்தாக்குகள் உண்டு. ஆனால் அருவி எப்போதும் கொட்டாது. ஆகஸ்டில் போய், பாறையில் ஈரக் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்தவன் நான். பனி உருகும் மார்ச், ஏப்ரலிலோ, நல்ல மழைக்கு மறுநாளோ போங்கள். லசால் பள்ளத்தாக்கில் அருவிக்குப் பின்பக்கமாகவே நடக்கலாம். சாரல் கழுத்தில் தெறிக்கும். பாதை சேறாக இருக்கும், மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி காரில் இருக்கட்டும்.

வார இறுதியில் பார்க்கிங் நிரம்பிவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். 9 மணிக்குள் போய்விடுங்கள். தவறிவிட்டதா? சரி, வண்டியைச் சில மைல் தெற்கே மத்தீசன் பூங்காவுக்கு விடுங்கள். அங்கும் பள்ளத்தாக்கு, அருவி எல்லாம் உண்டு, கூட்டம்தான் குறைவு.

அப்புறம், ஸ்டார்வ்ட் ராக்கை ஒட்டி ஓடும் இல்லினாய் ஆற்றில் நீந்தத் தடை. தண்ணீரோரம் உட்கார ஆசையென்றால் திரும்பும் வழியில் ஆட்டவா இருக்கிறது. ஃபாக்ஸ் ஆறு இல்லினாய் ஆற்றில் கலக்கும் ஊர். 1858இல் செனட் தேர்தலில் மோதிய ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீஃபன் டக்ளஸும் முதல் விவாதம் நடத்திய வாஷிங்டன் சதுக்கமும் அங்கேதான்.