வியன்னா பெல்வெடேர் அரண்மனைய ஓடாம நின்னு பாக்குறது எப்படி

பெல்வெடேர் போற பாதி பேரு பண்றது ஒண்ணுதான், டிக்கெட் ஸ்கேன் ஆனதும் நேரா ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட்டோட 'முத்தம்' ஓவியத்துக்கு ஓடி ஒரு செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிடுறது. அட, அந்த கட்டடத்தையும் கொஞ்சம் பாருங்கப்பா.

இங்க அரண்மனை ரெண்டு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு, நடுவுல சரிவா தோட்டம். டிக்கெட்டும் தனித்தனி. அரை நாள்தான் இருக்குன்னா மேல் பெல்வெடேர் மட்டும் போதும். ஆன்லைன்லயே டைம் ஸ்லாட் போட்டுடுங்க, காலைல திறக்குற நேரம் கிடைச்சா விடாதீங்க. 'D' லைன் டிராம் ஏறி ஷ்லோஸ் பெல்வெடேர் ஸ்டாப்ல இறங்கணும். பெரிய பையெல்லாம் லாக்கர்ல போட்டுடுங்க.

மேல் பெல்வெடேரோட கீழ்த்தளத்துல சாலா தெரேனான்னு ஒரு ஹால். நாலு தூணும் நாலு பயில்வான் சிலை, கழுத்து நரம்பு புடைக்க கூரைய முதுகுல தாங்கிட்டு நிப்பாங்க. அழகுக்கு வெச்சதுன்னு நெனச்சுடாதீங்க, 1723ல வேலை முடிஞ்சு பத்து வருஷம்கூட ஆகல, கூரை இடிஞ்சு விழுற மாதிரி ஆயிடுச்சு, அப்புறம்தான் ஆர்க்கிடெக்ட் ஹில்டெப்ராண்ட் இந்த ஆளுங்கள முட்டு குடுத்து நிறுத்துனாரு. முட்டு குடுக்குறதுலயே இவ்ளோ கெத்து!

மேல ஏறினா மார்பிள் ஹால். 1955 மே 15ல ஆஸ்திரியாவுக்கு மறுபடி சுதந்திரம் குடுத்த ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டது இங்கதான். அண்ணாந்து கூரை ஓவியத்தையும் பாருங்க. ஆஸ்திரிய படைத் தளபதி இளவரசர் யூஜின் தனக்குன்னு கட்டுன கோடை மாளிகை இது, அவர் போனப்புறம் 1752ல ஆஸ்திரிய ராணி மரியா தெரேசா வாங்கினாங்க, அவங்க மகன் ரெண்டாம் ஜோசப் காலத்துல, 1781ல அரச குடும்பத்து ஓவியங்கள பொது ஜனம் பாக்க திறந்து விட்டாங்க, லூவர் மியூசியமே திறக்காத காலம் அது.

இப்போ 'முத்தம்'. 180 சென்டிமீட்டர் சதுரம், கூட்டம் எப்பவும் இருக்கும், ஒரு குரூப் நகர்ற வரைக்கும் பொறுங்க. மொதல்ல பக்கவாட்டுல நின்னு பாத்துட்டு மெதுவா நடுவுக்கு வாங்க, தங்கத் தகடு மினுக்குறது அடிக்கு அடி மாறும். அப்புறம் அந்த பொண்ணோட கால் விரல பாருங்க, பூந்தரை முடியுற விளிம்புல மடங்கி இருக்கும். போன் ஸ்கிரீன்ல இதெல்லாம் கண்ணுக்கே படாது. ஃபிளாஷ் மட்டும் போடாதீங்க.

வெளிய வந்தா தோட்டத்துக்கு டிக்கெட் கிடையாது. பொண்ணு முகம் சிங்க உடம்புன்னு ஸ்ஃபிங்க்ஸ் சிலைங்க இருக்குற எடத்துல நின்னா ஊரே கீழ தெரியும், ஸ்டீஃபன் சர்ச் கோபுரமும் சேத்து. அங்கருந்து கீழ் பெல்வெடேர் வரைக்கும் இறங்கி நடங்க. கீழ இருந்து மேல வர்ற பிளான் வேணாம், மொத்தமும் ஏத்தம், வெயில்ல முட்டி கழண்டுடும்.