நடக்கப் போகிறவருக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

தை பிறந்தால் செட்டிநாட்டில் பல வீடுகளிலிருந்து யாராவது ஒருவர் பழனிக்கு நடக்கக் கிளம்புவார். குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக 150 கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய ஒரு வாரம் தார்ச்சாலை நடை. அதே வீட்டுப் பிள்ளை விடுமுறைக்குக் கொடைக்கானலில் கூடாரம் போட்டுத் தங்கப் போவான். இருவருக்கும் ஒரே மாதிரிச் சாமான் வாங்கிக் கொடுப்பதில்தான் காசு வீணாகிறது. சாலையில் நடப்பவருக்குக் கால், வெளிச்சம், தூக்கம் என மூன்றுதான் கவலை. சோறு வழிநெடுக அன்னதானத்தில் கிடைத்துவிடும். மலைக்குப் போகிறவருக்குக் குளிர், மழை, சுமை.

கால்

ஷூவைச் சொல்லாமல் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆளைக் கடைக்குக் கூட்டிப் போங்கள், அதுவும் மாலையில். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், நடையின்போதும் அப்படித்தான் இருக்கும். போடப்போகிற காலுறையோடு போட்டுப் பார்த்து, விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு எடுக்க வேண்டும். இடம் போதாவிட்டால் இறக்கத்தில் நகம் முட்டிக் கறுத்துவிடும். பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே வாங்கி, தினமும் போட்டு நடந்து பழக்க வேண்டும். புது ஷூவோடு கிளம்புகிறவர் சிங்கம்புணரி தாண்டுமுன் செருப்புக்கு மாறிவிடுவார்.

அளவு தெரியாமலே தைரியமாகக் கொடுக்கக்கூடியது காலுறை. பருத்தி வேண்டாம். அது வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். ஈரத்தோலில் உராய்வு கூடி, மேல்தோல் பிரிந்து, இடையில் நீர் கோத்துக் கொப்புளமாகும். செயற்கை இழையோ கம்பளி கலந்ததோ மூன்று ஜோடி போதும்: ஒன்று காலில், ஒன்று காய்வதற்கு, ஒன்று படுக்கும்போது மட்டும்.

கூடவே 2.5 செ.மீ. அகலத் துணிப் பிளாஸ்திரிச் சுருள் ஒன்று. கொப்புளம் வந்தபின் ஒட்டுவது தாமதம். ஓர் இடம் சுருக்கென்று எரியத் தொடங்கியதுமே நின்று, துடைத்து, காயவிட்டு ஒட்ட வேண்டும். மூலைகளை வட்டமாக வெட்டினால் ஓரம் சுருண்டு பெயராது. வந்துவிட்ட சின்னக் கொப்புளத்தை உடைக்க வேண்டாம். நடக்கவிடாமல் உப்பினால், சுத்தப்படுத்திய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, தோலை உரிக்காமல் மூடிக் கட்டலாம். சர்க்கரை நோய் உள்ளவர் இதைத் தானே செய்யக் கூடாது. அவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால், நிற்கிற இடத்திலெல்லாம் உள்ளங்காலைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சின்னக் கண்ணாடியே நல்ல பரிசு.

வெறுங்காலில் காவடி எடுப்பவருக்கு இதெல்லாம் ஆகாது. நல்ல முள்வாங்கி, கால் துடைக்க ஒரு துண்டு, வாசலின் டப்பா. வாசலின் பாதத்துக்கு மட்டுமல்ல, தொடை உரசுகிற இடத்துக்கும். இதை யாரும் வெளியில் சொல்வதில்லை, ஆனால் இரண்டாம் நாளே பலருக்கும் தேவைப்படும்.

வெளிச்சம்

வெயிலுக்குப் பயந்து விடியுமுன்னும் இருட்டிய பின்னும் நடப்பார்கள். நெற்றியில் மாட்டும் விளக்கு 200 முதல் 300 லூமென் (வெளிச்சத்தின் அளவு) இருந்தால் தாராளம். அதற்கு மேல் போனால் எதிரே வருகிற ஓட்டுநரின் கண்ணைத்தான் கூசவைக்கும். சாலையில் கீழ்நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். தான் பார்ப்பதைவிடத் தன்னை வண்டிக்காரர் பார்ப்பது முக்கியம். காவியும் பச்சையும் இருட்டில் ஒரே கறுப்புதான். ஒளி திருப்பும் பட்டை தைத்த மேல்சட்டையும், முதுகுப் பையில் மாட்ட மினுக்கும் சிவப்பு விளக்கும் விலை குறைவு, பயன் பெரிது. தனியாக நடப்பவர் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக நடக்க வேண்டும். போலீஸார் வேறு பக்கம் ஒதுக்கியிருந்தால் அந்தப் பக்கம்.

பவர் பேங்க் கொடுப்பதானால் 10,000 எம்ஏஎச் (சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) போதும். அட்டையில் போட்ட அளவு முழுதும் கைபேசிக்கு வராது. உள்ளே இருப்பது 3.7 வோல்ட், வெளியே தருவது 5 வோல்ட். மாற்றும்போது இழப்பும் சேர்ந்து 6,000 சொச்சம்தான் மிஞ்சும். 20,000 வாங்கினால் சுமை இரட்டிப்பு.

பையும் படுக்கையும்

பாதயாத்திரைக்கு 20 லிட்டர் பை, இரண்டு நாள் மலைத் தங்கலுக்கு 40 முதல் 50. ஆளின் உயரத்தைவிட முதுகின் நீளம்தான் கணக்கு: குனியும்போது பிடரியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு மட்டம் வரை. இடுப்புப் பட்டை வயிற்றில் நின்றால் தப்பு. இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்தால்தான் பாரம் தோளிலிருந்து இறங்கும். மழைக்கு வெளியுறையை மட்டும் நம்பக் கூடாது, முதுகுப் பக்கமாக நீர் இறங்கும். உள்ளே ஒரு பெரிய தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் துணிகளை வைத்து வாயை முறுக்கிக் கட்டுவது நிச்சயமான வழி.

கல்யாணத்துக்குச் சாமான் பரப்பிப் பார்க்கிற ஊர் நம்முடையது. கிளம்புமுன் இதையும் வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) பரப்பி, சமையல் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். சாலை நடைக்கு மொத்தம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் எதையாவது எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் முதலில் வெளியேற வேண்டியது கனத்த எவர்சில்வர் தண்ணீர்க் குப்பி.

தைப் பனியில் பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்தால் மேலே எத்தனை போர்த்தினாலும் சிமெண்டுத் தரை சூட்டை இழுத்துக்கொள்ளும். 8 முதல் 10 மி.மீ. நுரைப்பாய் ஒன்று இரண்டு கம்பளிக்குச் சமம். கொடைக்கானலில் ஜனவரி இரவு 10 டிகிரிக்குக் கீழே போகும். தூங்குபை வாங்கும்போது பெரிய எழுத்தில் போட்டிருக்கும் கடைசி வெப்பநிலை அளவைப் பார்க்காதீர்கள், அது உயிர் தாங்கும் எல்லை. நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு தனியாகப் போட்டிருக்கும். கூடாரம் இரட்டை உறையாக இருக்கட்டும். ஒற்றை உறையில் மூச்சுக்காற்றின் ஈரம் உட்புறத்தில் படிந்து விடியற்காலையில் சொட்டும். கூடாரம் ஒழுகுகிறது என்று கடைக்காரரோடு சண்டை போடுவார்கள்.

வனப்பகுதிக்குள் மலையேற வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறியவர்கள் பலர் இறந்த பின் கெடுபிடி கூடிவிட்டது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் இணையத்திலேயே பதிவு செய்யலாம். அதில் ஒரு நடைக்கு முன்பதிவு செய்து கொடுப்பதும் பரிசுதான். காட்டுக்குள் அடுப்பு மூட்டுவது கூடாது, ஆகவே அடுப்பு வாங்குமுன் யோசியுங்கள்.

சாப்பாடு

இந்த விஷயத்தில் நம் வீட்டுப் பலகாரத்தை எந்த எனர்ஜி பாரும் வெல்லாது. சீப்புச் சீடை, மனகோலம், மாவுருண்டை: கனம் குறைவு, பலம் அதிகம். ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுத்தால் அழகாக இருக்கும். ஆனால் மலைப் பனியில் ஒரே இரவில் நமுத்துப்போகும். நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத பையில் ஒரு வேளைக்கு ஒன்றாகப் பிரித்துக் கட்டுங்கள். இட்லியை மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய் தடவிக் கட்டினால் மாலை வரை தாங்கும். புளிக்காய்ச்சலில் எண்ணெய் மேலே மிதக்கும்வரை சுண்டவைக்க வேண்டும், நீர் நின்றால் பூசணம் பிடிக்கும். வெயிலில் நடப்பவருக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் கணக்கு; 20.5 கிராம் ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதிப் பொட்டலமாகக் கண்ணளவில் கலக்கக் கூடாது. தேங்காய்ச் சட்னி வீட்டிலேயே இருக்கட்டும்.