மஞ்சள் தீயை நீலமாக்குவது

தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கிறது என்று கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருகிறார்கள். பலருக்குப் புது பர்னர் தேவையே இல்லை.

ரெகுலேட்டரை மூடி, அடுப்பு நன்றாக ஆறட்டும். பர்னர் மூடியைக் கழற்றினால், பொங்கிய பாலும் கஞ்சியும் துளைகளில் கறுத்து இறுகியிருக்கும். ஊசியால் குத்தி, பழைய பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரமிருந்தால் தீ திணறும். கேஸ் வெளிவரும் சிறு பித்தளை முனையான ஜெட்டில் மட்டும் ஊசி விடாதீர்கள். அதன் துளை அகன்றால் கேஸ் கூடுதலாகப் பாயும். பிறகு ஜெட்டையே மாற்ற வேண்டியதுதான்.

ரெகுலேட்டரைத் திறந்து பற்றவைத்தும் மஞ்சள் போகாவிட்டால் காற்று போதவில்லை. கன அளவில் ஒரு பங்கு எல்பிஜி வாயு முழுதாக எரிய ஏறக்குறைய 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். அடுப்பின் அடியில், ஜெட்டுக்குப் பக்கத்தில், பர்னர் குழாயின் வாயை மூடித் திறக்கும் சிறு தகடு சில மாடல்களில் இருக்கும். தீயை அணைத்துவிட்டு, திருகைத் தளர்த்தி, தகட்டை மயிரிழை அளவு திறந்து, மறுபடி பற்றவைத்துப் பாருங்கள். தீ பர்னரை விட்டு எழும்பி இரைந்தால் காற்று அதிகம், சற்று மூடுங்கள். துளையை ஒட்டி, கூரிய நீலக் கூம்புகளாகச் சத்தமின்றி எரிந்தால் திருகை இறுக்கலாம். உப்புநீர் தெறித்து ஆரஞ்சுப் பொறி பறந்தால் பதற வேண்டாம், அது கோளாறல்ல.

கடைசியாக, தீயை அணைத்து, ரெகுலேட்டர் திறந்திருக்கும்போதே ரப்பர் குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி கிளம்பினால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து கேஸ் கசிவு அவசர எண்ணான 1906-ஐ அழையுங்கள்.