மொரீஷியசுக்கு முதன்முறை வருகிறீர்களா? பெட்டி கட்டும் முன் இதைப் படியுங்கள்

ரோஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று குடும்பங்களாவது வந்து போகும். "சின்னத் தீவுதானே, போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்பியவர்கள்தான் அதிகம் திண்டாடினார்கள். வேலைகளைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

படி 1: டிக்கெட்டில் பெயர்

நம் ஊர் இனிஷியல் பழக்கம் இங்கேதான் காலை வாரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், டிக்கெட்டில் வெறும் "ஆர்" என்று போட்டிருப்பார்கள். என் நாத்தனார் இப்படித்தான் சென்னை விமான நிலையத்தில் குழந்தையோடு இரண்டு மணி நேரம் நின்றார். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்துப் பதியுங்கள். இந்தியர்கள் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. ஆனால் திரும்பும் டிக்கெட்டும் தங்கும் இடத்தின் பதிவும் கையில் இருக்க வேண்டும்.

படி 2: மாதம்

நாங்கள் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். உங்களுக்கு மே மாத வெயில் என்றால் எங்களுக்குக் குளிர்காலத் தொடக்கம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் புயலும். புயல் எச்சரிக்கை 1 முதல் 4 வரை போகும். 3 அறிவித்துவிட்டால் ஊரே வீட்டுக்குள் அடைந்துவிடும். தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை. காவடி பார்க்க வருபவர்கள் புயல் பருவத்தில் வருகிறோம் என்பதை மனதில் வைத்து, திரும்பும் நாளுக்கு முன் ஓரிரு நாள் இடைவெளி விடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் வருபவர்கள் கிழக்குக் கரையில் அறை எடுத்துவிட்டு, காற்று தாங்கவில்லை என்கிறார்கள். அப்போது மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக் நல்லது. கியூர்பிப் நகரம் மேட்டு நிலத்தில் இருக்கிறது, ஒரு ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

படி 3: பெட்டி

கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம், விதைகள் எதையும் கட்டாதீர்கள். செடி, பழ வகைகளுக்கு அனுமதி வேண்டும். இங்கே கிடைக்காதோ என்ற கவலையும் வேண்டாம். இங்கே பேசும் கிரியோல் மொழியில் கறிவேப்பிலைக்குப் பெயரே "கரிபுலே"தான். ரசத்தை "ரசோன்" என்பார்கள். சந்தையில் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே எடுத்துத் தருவார்கள்.

மருந்து விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தூக்க மாத்திரை, டிரமடால் போன்ற வலி மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டு மட்டும் போதாமல் போகலாம். முன் அனுமதி வேண்டுமா என்று கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள். நம் ஊர் மூன்று முள் பிளக் இங்கே நுழையாது. சதுர மூன்று முள் அடாப்டர் ஒன்று வாங்கி வையுங்கள்.

படி 4: பணம்

யூபிஐ 2024 பிப்ரவரியில் இங்கே வந்தது. அதை நம்பி வெறும் கையோடு வராதீர்கள். தெருவோரத் தால்பூரிக் (பருப்பு வைத்த ரொட்டி) கடையில் ரொக்கம்தான். நோட்டைக் கையில் வாங்கியதும் உற்றுப் பாருங்கள், தமிழ் எழுத்து இருக்கும். 1998-இல் வந்த புது நோட்டுகளில் தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளியபோது இங்குள்ள தமிழர்கள் எதிர்த்தார்கள். அரசு அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றது. எனக்கு இன்றும் இப்போதுள்ள நோட்டைத் தொடும்போது நெஞ்சு நிறையும்.

டாக்ஸியில் ஏறும் முன் வாடகையைப் பேசி முடித்துவிடுங்கள்.

படி 5: கடல்

தீவைச் சுற்றிப் பெரும்பகுதிக்குப் பவளப்பாறை அரண் இருப்பதால் உள்ளே தண்ணீர் குளம் போல அமைதியாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எல்லாக் கரையும் இப்படித்தான் என்று நினைப்பதுதான் உயிருக்கே ஆபத்தான தவறு. தெற்கே சூய்யாக் பக்கத்தில் கிரி கிரி கரையில் அந்த அரண் கிடையாது. அலை நேராக வந்து அடிக்கும். அங்கே நின்று பாருங்கள், கால் நனைக்கவும் இறங்காதீர்கள்.

அமைதியான இடத்திலும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கல் மீன் பாறையோடு பாறையாகக் கிடக்கும், மிதித்தால் முள்ளில் விஷம். ரப்பர் அடிச் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்தபடி ஆம்புலன்ஸுக்கு 114-ஐ அழையுங்கள். பவளத்தையும் சங்கையும் நினைவுக்கு என்று எடுத்துப் போகாதீர்கள்.

படி 6: பக்கத்துத் தீவான ரியூனியனையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால்

விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். ஆனால் அது பிரான்சின் பகுதியாக இருந்தாலும் ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொது விசாப் பகுதி) எல்லைக்குள் இல்லை. ஐரோப்பா போக எடுத்த ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லாது. ஊரிலேயே கேட்டு முடித்துக்கொண்டு வாருங்கள்.

படி 7: இங்குள்ள தமிழர்களோடு பேசும்போது

"தமிழர்தானே, தமிழ் தெரியாதா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். 1730-களிலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்கள் வந்தார்கள். 1834 முதல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகவும் தமிழர்கள் வந்தார்கள். இத்தனை தலைமுறைக்குப் பிறகும் அலகு குத்திக் காவடி எடுக்கிறார்கள், வாழை இலையில் ஏழு கறி பரிமாறுகிறார்கள். ஆனால் வீட்டு மொழி கிரியோல் ஆகிவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பாட்டியின் முகம் வாடியதை நான் பார்த்திருக்கிறேன். "வணக்கம்" என்று தொடங்குங்கள். அவர்களும் "வணக்கம்" என்பார்கள். மீதியை ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளலாம்.